ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு கிட் போதுமா, காம்பொனென்ட் நூலகமும் வேண்டுமா?

இராமநாதபுரத்தில் அலுவலகம் வைத்து ஐந்து பேராக மென்பொருள் எழுதும் ஒரு குழுவிலிருந்து வந்த கேள்வி இது. மீன் இறங்குதளத்து ஏலத்தைப் பதிவு செய்ய ஒரு செயலி, விசைப்படகு உரிமையாளர்களின் டீசல், ஐஸ், கூலிக் கணக்குகளுக்கு ஒரு செயலி, கீழக்கரைக் கடைகளில் பில் போட ஒரு செயலி என மூன்றை அவர்கள் நடத்துகிறார்கள். ஐவரில் ஒருவர் பாம்பனிலும் இன்னொருவர் தொண்டியிலும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். நிரல் முழுவதும் பொது டிரைவ் ஒன்றில் தேதி போட்ட ஜிப் கோப்புகளாகக் கிடக்கிறது. மூன்று செயலிகளிலும் ஒரே பட்டனும் ஒரே படிவமும் ஒரே தேதிப் பெட்டியும் நகலெடுத்து ஒட்டப்பட்டிருக்கின்றன. நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவிக்கு மாறும்போதே, பட்டன், படிவம் போன்ற திரைக் கூறுகளை ஓரிடத்தில் வைத்து எல்லாச் செயலிகளிலும் பயன்படுத்தும் பொதுவான காம்பொனென்ட் நூலகம் ஒன்றையும் கட்டிவிடலாமா, இல்லை இவ்வளவு சிறிய குழுவுக்கு இரண்டுமே மிகையா என்று கேட்கிறார்கள்.

கிட்டுக்கு உடனே மாறுங்கள். தனியாக ஒருவர் எழுதும் நிரலுக்குக்கூட அது வேண்டும். நூலகத்தை மட்டும் அதே வாரத்தில் தொடங்காதீர்கள். பொது நூலகம் என்றால் ஒருவர் ஓரிடத்தில் செய்யும் மாற்றம் மூன்று செயலிகளின் திரைகளிலும் வெளிப்படும். எந்த மாற்றத்தை யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்று உடனே எடுத்துச் சொல்ல முடியாத குழு அத்தகைய நூலகத்தைக் கட்டினால், முன்பு ஒரு செயலியோடு நின்ற பழுது இனி மூன்றையும் பிடிக்கும். நகலெடுத்து ஒட்டுவதில் உழைப்பு வீணாகிறது என்பது உண்மைதான். ஆனால் வரலாறு இல்லாத நூலகம் அதைவிடப் பெரிய கேடு. ஆகவே முதலில் மாற்றங்களைப் பதிவு செய்யும் பழக்கம் வர வேண்டும், அது கையில் படிந்த பிறகு நூலகம் வர வேண்டும்.

உங்கள் குழு இருக்கும் சூழலுக்கு கிட் குறிப்பாகப் பொருந்துவதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் வளர்ச்சிக்கு அதுவரை பயன்பட்ட பிட்கீப்பர் என்ற இதே வகைக் கருவி இலவசமாகக் கிடைப்பது நின்றுபோனபோது, 2005 ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார்; அதே ஆண்டு ஜூலையில் ஜூனியோ ஹமானோ பராமரிப்புப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். முன்னர் பரவலாக இருந்த சிவிஎஸ், சப்வெர்ஷன் போன்ற கருவிகளில் முழு வரலாறும் ஒரு மையச் சர்வரில் இருக்கும். சர்வரோடு தொடர்பு இல்லாமல் ஒரு மாற்றத்தைப் பதிய முடியாது. கிட்டில் ஒவ்வொருவர் கணினியிலும் ரெப்போவின், அதாவது நிரலும் அதன் மாற்றங்களும் சேர்ந்த தொகுப்பின், முழு வரலாறும் இருக்கிறது. கமிட் செய்வது (ஒரு மாற்றத்தைக் குறிப்போடு பதிவது), பழைய நிலையைப் பார்ப்பது, கிளை பிரிப்பது (முதன்மை நிரலைத் தொடாமல் தனி வழியில் மாற்றுவது), இரு நிலைகளை ஒப்பிடுவது ஆகிய எதற்கும் இணையம் தேவையில்லை.

பாம்பன் நண்பருக்கு இதன் அருமை நன்றாக விளங்கும். 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரம், பாம்பன் பகுதிகளில் கொட்டியதைப் போன்ற ஒரு மழைநாளில் இணைப்பு போய்விட்டாலும், மடிக்கணினியில் மின்கலம் இருக்கும் வரை அவர் வேலையைத் தொடர்ந்து கமிட் செய்துகொண்டே இருக்கலாம், இணைப்பு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே முறையில் அனுப்பிவிடலாம். இணைப்பு நாள்கணக்கில் வராவிட்டாலும் வழி உண்டு. கிட் பண்டில் என்ற கட்டளை, வேண்டிய கமிட்டுகளை மட்டும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும். அதைப் பென்டிரைவில் போட்டு இராமநாதபுரத்துக்கு வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்பினால், அலுவலகத்தில் அதையே ஒரு ரெப்போவைப் போல வைத்து மாற்றங்களை எடுத்துக்கொள்ள முடியும். பலர் அறியாத வசதி இது. கடலோரக் குழுக்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். செலவைப் பற்றியும் தயங்க வேண்டாம். கிட் ரெப்போக்களை இணையத்தில் வைத்துக்கொள்ள உதவும் கிட்ஹப் தளத்தில் 2020 ஏப்ரல் முதல் தனியார் ரெப்போக்களில் எத்தனை பேர் வேண்டுமானாலும் இலவசமாகச் சேர்ந்து வேலை செய்யலாம்.

கருவியை நிறுவுவது ஒரு மணி நேர வேலைதான். கமிட் செய்யும் முறை கைக்கு வரத்தான் நாளாகும். நாள் முழுவதும் செய்த வேலையை மாலையில் ஒரே கமிட்டாகப் போட்டு, 'இன்றைய மாற்றங்கள்' என்று குறிப்பு எழுதினால், ஜிப் கோப்புகளிலிருந்து நீங்கள் அதிக தூரம் வந்துவிடவில்லை. ஒரு கமிட்டில் ஒரே ஒரு நோக்கம் இருக்க வேண்டும். என்ன மாறியது என்பதை நிரலே காட்டிவிடும் என்பதால், குறிப்பில் ஏன் மாற்றினோம் என்பதை எழுத வேண்டும். 'கமிஷன் கணக்கு திருத்தம்' என்பதைக் காட்டிலும், 'கமிஷனை ஒவ்வொரு கூடைக்கும் தனித்தனியே முழுமையாக்கியதால் மொத்தத் தொகை சில பைசா பிசகியது. இனி மொத்தத்தில் ஒரே முறை முழுமையாக்குகிறோம்' என்பது ஓராண்டு கழித்துப் படிப்பவருக்கு ஆயிரம் மடங்கு உதவும். இந்தக் குறிப்புகளைத் தமிழிலேயே எழுதுங்கள். குழுவில் எல்லோருக்கும் சிந்தனை ஓடும் மொழி அதுவாக இருக்கும்போது, தயங்கித் தயங்கி எழுதிய அரைகுறை ஆங்கில வரிகளால் காரணம் மறைந்துபோகிறது. கோப்புகளின் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கிட் தன் இயல்பு அமைப்பில் தமிழ்ப் பெயர்களை எண்குறிகளாகக் காட்டும்.

சிறிய கமிட்டுகளின் பெரும் பயன் பழுது தேடும்போது தெரியும். சென்ற மாதம் சரியாக இருந்த ரசீது இன்று தவறாக அச்சாகிறது, இடையில் ஏறக்குறைய 1,000 கமிட்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கிட் பைசெக்ட் கட்டளை நடுவில் உள்ள கமிட்டை எடுத்துக் கொடுத்து 'இது சரியா, தவறா' என்று கேட்கும். உங்கள் விடையைக் கொண்டு பாதியைக் கழித்துவிட்டு மீதியின் நடுவுக்குப் போகும். இப்படிப் பாதி பாதியாகக் குறைவதால் சுமார் 10 சோதனைகளில் குற்றவாளிக் கமிட் அகப்பட்டுவிடும். அந்தக் கமிட் 10 வரி மாற்றமாக இருந்தால் காரணம் உடனே கண்ணில் படும். 40 கோப்புகளைத் தொட்ட நாள்முடிவுக் கமிட்டாக இருந்தால் தேடலை அங்கிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

கிளைகளைப் பொறுத்தவரை, குறைவாக வைத்துக்கொள்ளுங்கள், விரைவில் சேருங்கள். 2010இல் வின்சென்ட் டிரீசன் எழுதிப் புகழ்பெற்ற கிட்ஃப்ளோ முறையைப் பல பயிற்சி நிலையங்கள் இன்றும் கற்பிக்கின்றன. டெவலப், ரிலீஸ், ஹாட்ஃபிக்ஸ் என்று பல வகைக் கிளைகள் அதில் உண்டு. 2020இல் அவரே, தொடர்ந்து வெளியிடப்படும் இணையச் செயலிகளுக்கு அதைவிட எளிய முறையே பொருத்தம் என்று தம் கட்டுரையில் குறிப்புச் சேர்த்துவிட்டார். உங்களுக்கு ஒரு முதன்மைக் கிளையும், ஓரிரு நாளில் முடிந்து சேர்ந்துவிடும் சிறு கிளைகளும் போதும். கிளைகளைச் சேர்க்கும்போது மாற்றங்கள் ஒன்றோடொன்று மோதும் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வருவதை கிட்டின் குறையாகச் சிலர் பேசுகிறார்கள். இருவர் மூன்று வாரம் தனித்தனியே ஒரே கோப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதைத்தான் அது தெரிவிக்கிறது. டிரைவ் கோப்புறையில் அது தெரியாமலே ஒருவரின் வேலை மற்றவரின் வேலையை அழித்துக்கொண்டிருந்தது.

ரெப்போவுக்குள் வரக் கூடாதவை சில உண்டு. தரவுதளக் கடவுச்சொல் ஒருமுறை கமிட்டில் ஏறிவிட்டால், அடுத்த கமிட்டில் நீக்கினாலும் வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும். அப்படி நேர்ந்தால் முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். மீன் வகைகளின் பெரிய படங்களையும் காணொளிகளையும் வேறிடத்தில் வையுங்கள்; கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது, அதற்குக் குறைந்தவையும் தொண்டி நண்பரின் மொபைல் டேட்டாவைத் தின்றுவிடும். சிலர் விண்டோஸிலும் சிலர் லினக்ஸிலும் வேலை செய்தால் வரிமுடிவுக் குறிகள் வேறுபட்டு, ஒரு வரி மாற்றியதற்கு முழுக் கோப்பும் மாறியதாகக் காட்டும். கோப்புகளை எப்படிக் கையாள வேண்டும் என்று கிட்டுக்குச் சொல்லும் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பு ஒன்றை முதல் நாளே வைத்தால் இந்தத் தொல்லை வராது. பழைய ஜிப் கோப்புகள் அனைத்தையும் வரலாறாக ஏற்ற வேண்டியதில்லை. வாடிக்கையாளர் எவரேனும் இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கும் பதிப்புகளை மட்டும் தேதி வரிசையில் கமிட்டுகளாக்கி டேக் என்ற பெயர்க்குறி இட்டுவிட்டு, மற்றவற்றை ஒரு ஹார்டு டிஸ்கில் எடுத்து வையுங்கள்.

இனி நூலகம். மென்பொருளையும் ஆயத்தக் கூறுகளைக் கோத்துக் கட்ட வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மென்பொருள் பொறியியல் மாநாட்டிலேயே கணினியியலாளர் டக் மெக்கில்ராய் அதை வலியுறுத்தினார். இன்று இணையத் திரைகளில் அது நடைமுறையாகிவிட்டது. 2011இல் டுவிட்டரிலிருந்து வெளிவந்த பூட்ஸ்டிராப், 2013இல் ஃபேஸ்புக் திறந்த மூலமாக்கிய ரியாக்ட், அதன் மேல் எழுந்த பல ஆயத்த நூலகங்கள் என எவ்வளவோ கிடைக்கின்றன. ஆகவே ஐந்து பேர் உட்கார்ந்து பட்டனையும் மெனுவையும் உரையாடல் பெட்டியையும் புதிதாக எழுதுவதை நான் ஆதரிக்க மாட்டேன். விசைப்பலகையால் இயங்குவது, திரைவாசிப்பான் படிப்பது, பெட்டி திறந்தவுடன் கவனம் எங்கே போக வேண்டும் என்பது போன்ற நுணுக்கங்களில் ஆண்டுக்கணக்கான உழைப்பு அந்த நூலகங்களில் இருக்கிறது. நன்கு பராமரிக்கப்படும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதை நேராகப் பயன்படுத்தாமல் உங்கள் பெயரில் ஒரு மெல்லிய உறைக்குள் வைத்துப் பயன்படுத்துங்கள். பின்னால் வேறொன்றுக்கு மாற நேர்ந்தால் உறையை மட்டும் மாற்றினால் போதும்.

நீங்கள் எழுத வேண்டியவை, உலகில் வேறு எவரும் உங்களுக்காக எழுதித் தராத காம்பொனென்ட்டுகள். படகுப் பதிவு எண்ணை எடுத்துக்கொள்வோம். ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கி எண்ணில் முடியும் அதை, அவசரத்தில் ஒருவர் கடைசி எண்ணை மட்டும் தட்டுவார், இன்னொருவர் கோடுகளுக்குப் பதில் இடைவெளி விடுவார். ஏலச் செயலி ஒருவிதமாகவும் படகுக் கணக்குச் செயலி வேறுவிதமாகவும் அதைச் சேமித்தால், ஒரே படகின் வரவும் செலவும் இரண்டு படகுகளின் கணக்காகப் பிரிந்துவிடும். எப்படித் தட்டினாலும் ஒரே வடிவில் சேமிக்கும் உள்ளீட்டுப் பெட்டி ஒன்று இருந்தால் இந்தக் குழப்பம் தோன்றும் இடத்திலேயே நின்றுவிடும்.

பணப் பெட்டியும் இப்படித்தான். இணையச் செயலிகள் எழுதும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவது தெரிந்ததே. தொகையைப் பைசாவில் முழு எண்ணாகச் சேமித்து, காட்டும்போது மட்டும் 1,00,000 என்று நம் முறையில் பிரித்துக் காட்டும் வேலையை ஒரே காம்பொனென்ட்டிடம் விட்டுவிட வேண்டும்.

தமிழ் எழுத்து தொடர்பான வேலை இதைவிட முக்கியம், ஏனெனில் ஆயத்த நூலகங்கள் இதைப் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய வியாபாரிகள் பட்டியலில் 'தொண்டி' இரண்டு குறியீடாக இருந்து, இன்று தட்டச்சு செய்பவரிடமிருந்து ஒரே குறியீடாக வந்தால், தேடலில் அந்த ஊர் கிடைக்காது. ஊர்ப்பெயர் கண்ணெதிரே இருக்க, கணினி இல்லை என்று சொல்லும். உள்ளே வரும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும், இப்படிப் பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவுக்கு மாற்றுவது ஜாவாஸ்கிரிப்டில் ஒரே அழைப்பு. அதை மூன்று செயலிகளில் முப்பது இடங்களில் எழுதினால் எங்காவது ஓரிடம் விடுபடும். உரைப்பெட்டிக் காம்பொனென்ட்டில் எழுதினால் விடுபடாது. அதேபோல, ஆங்கிலச் சொல்லுக்காக அளந்த பட்டனுக்குள் தமிழ்ச் சொல் உடைந்து இரண்டு வரியாகும். குறைந்த வரி உயரத்தில் மேல்விலங்கும் கீழ்வளைவும் வெட்டுப்படும். ஆகவே உயரத்தையும் அகலத்தையும் நிலையாக வைக்காமல் உள்ளடக்கத்துக்கு ஏற்ப விரியவிடுங்கள். இறங்குதளத்தில் வெயிலில், ஈரக் கையோடு பயன்படுத்தும் திரை என்பதையும் மறக்க வேண்டாம்: எழுத்துக்கும் பின்புலத்துக்கும் அணுகல்தன்மை விதிகள் கேட்கும் 4.5க்கு 1 என்ற வேறுபாட்டைக் கீழ் எல்லையாகக் கொண்டு அதைவிடக் கூடுதலாகவே வையுங்கள், தொடும் பரப்பு 44 பிக்சலுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை எப்போது நூலகத்துக்கு எடுத்துச் செல்வது? மூன்றாவது இடத்தில் தேவைப்படும்போது. இரண்டு இடங்களில் ஒன்றுபோலத் தெரிவது தற்செயலாக இருக்கலாம். ஏலத்தின் தேதிப் பெட்டியும் கடை பில்லின் தேதிப் பெட்டியும் இன்று ஒன்றுதான். நாளை ஏலத்துக்கு நள்ளிரவைத் தாண்டிய இறக்கத்தை முந்தைய நாள் கணக்கில் சேர்க்கும் விதி வந்தால் இரண்டும் பிரிந்துவிடும். அவசரப்பட்டு ஒன்றாக்கியவை இப்படிப் பிரியும்போது, காம்பொனென்ட்டுக்குள் 'ஏலமாக இருந்தால் இப்படி, கடையாக இருந்தால் அப்படி' என்று நிபந்தனைகள் பெருகும். அந்த நிலைக்கு வந்த காம்பொனென்ட்டை மீண்டும் இரண்டாகப் பிரித்துவிடுவதே நேர்மையான வழி.

நூலகத்தைத் தனி ரெப்போவில் வைக்க வேண்டுமா என்பதில் என் கருத்து உறுதியானது: வேண்டாம், இப்போதைக்கு மூன்று செயலிகளும் நூலகமும் ஒரே ரெப்போவில் இருக்கட்டும். ஜாவாஸ்கிரிப்டில் ஆயத்த நிரல் தொகுப்புகளை நிறுவும் கருவியான என்பிஎம்மின் 2020 அக்டோபரில் வந்த 7ஆம் பதிப்பிலிருந்தே வொர்க்ஸ்பேஸ் என்ற வசதி இதற்கு இருக்கிறது. பணப் பெட்டியின் ஒரு பண்பை மாற்றினால், அதைப் பயன்படுத்தும் மூன்று செயலிகளையும் அதே கமிட்டில் மாற்றி, மூன்றின் சோதனைகளையும் ஓட்டி, எல்லாம் சரியென்றால் மட்டும் சேர்க்கலாம். தனி ரெப்போவாக இருந்தால் முதலில் நூலகத்தை வெளியிட வேண்டும், பிறகு ஒவ்வொரு செயலியிலும் பதிப்பை உயர்த்த வேண்டும். ஐந்து பேர் குழுவில் மூன்றாவது செயலிக்கு அந்த உயர்வு போய்ச் சேராமலே நின்றுவிடும்.

உங்கள் காம்பொனென்ட்டுகளை வெளிக்குழு ஒன்று பயன்படுத்தும் நாள் வந்தால் நூலகத்தைப் பிரியுங்கள், அப்போது பதிப்பு எண் என்பது வாக்குறுதியாகிவிடும். 2.3.1 என்ற எண்ணில் முதல் எண் உயர்ந்தால் பழைய பயன்பாடு உடையும் மாற்றம், இரண்டாவது உயர்ந்தால் உடையாத புது வசதி, மூன்றாவது உயர்ந்தால் பழுது நீக்கம் என்பது டாம் பிரஸ்டன் வெர்னர் வகுத்த செமான்டிக் வெர்ஷனிங் முறை. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றிய புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைப் பார்த்தே படகை எடுக்கலாமா என்று மீனவர் முடிவு செய்வதைப் போல, எண்ணைப் பார்த்தே இந்தப் பதிப்பை ஏற்கலாமா என்று பயன்படுத்துபவர் முடிவு செய்ய வேண்டும். உடையும் மாற்றத்தைச் செய்துவிட்டுக் கடைசி எண்ணை மட்டும் உயர்த்தும் குழுவின் நூலகத்தை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

பிறர் எழுதிய பேக்கேஜ்கள் எனும் ஆயத்த நிரல் தொகுப்புகளை நம்பும்போதும் எச்சரிக்கை வேண்டும். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற 11 வரிப் பேக்கேஜை அதன் ஆசிரியர் என்பிஎம் தளத்திலிருந்து விலக்கிக்கொண்டபோது, அதை நேரடியாகவும் மறைமுகமாகவும் சார்ந்திருந்த ஏராளமான திட்டங்களை உருவாக்க முடியாமல் போனது. பிறகு, வெளியிட்டதை விலக்கும் விதிகளை என்பிஎம் இறுக்கியது. நிறுவிய பேக்கேஜ்களின் பதிப்பு எண்களைக் குறித்து வைக்கும் லாக் கோப்பைக் கட்டாயம் கமிட் செய்யுங்கள், அப்போதுதான் ஐந்து கணினிகளிலும் சர்வரிலும் ஒரே பதிப்புகள் நிறுவப்படும். 11 வரி வேலைக்கு வெளிப் பேக்கேஜைத் தேடாதீர்கள்.

நூலகக் கோப்புறைக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கிட்ஹப்பின் கட்டணத் திட்டத்தில் (இலவசத் தனியார் ரெப்போவில் இது இயங்காது) கோட்ஓனர்ஸ் கோப்பில் அவர் பெயரைப் பதிந்துவிட்டால் அந்தக் கோப்புறையைத் தொடும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டையும் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையையும்) பார்வையிடும்படி அவருக்குத் தானாகவே கோரிக்கை போகும். அவரே எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்பதில்லை. சேர்ப்பதற்கு முன் மூன்று செயலிகளின் கண்ணாலும் பார்ப்பது அவர் வேலை.

காலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், உங்கள் மாவட்டத்துக்கு இயற்கையாகவே அமைந்த வசதி அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகுகளின் இறக்கம் மட்டுமே ஏலத்துக்கு வரும் என்பதால் உங்கள் இரண்டு செயலிகளின் பளு குறைந்திருக்கும். அதற்கு முந்தைய மாதங்களில் கமிட்டும் ரிவியூவும் பழகியிருக்கட்டும். தடைக்காலத்தின் முதல் மாதத்தில் படகு எண், பணம், தமிழ் உரை ஆகிய மூன்று பெட்டிகளை மட்டும் பொதுவாக்குங்கள், அவற்றை முதலில் படகுக் கணக்குச் செயலியிலும் பிறகு ஏலச் செயலியிலும் பொருத்துங்கள். படகு எண்ணுக்கு வேலையில்லாத கடை பில் செயலிக்கு மற்ற இரண்டு பெட்டிகளையும் கடைசியில் கொண்டுபோகலாம். மே மாத முடிவுக்குள் ஏலச் செயலியின் புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டால், நாட்டுப்படகு மீனின் ஏலத்தில் இரண்டு வாரம் அது உண்மையான கைகளில் ஓடிப் பார்த்திருக்கும். பழுது தெரிந்தால் டேக் இட்டுவைத்த முந்தைய பதிப்புக்குத் திரும்பவும் அவகாசம் இருக்கும். ஜூன் 10க்குப் பிறகு நூலகத்தில் எந்த மாற்றத்தையும் சேர்க்காதீர்கள்.